கீகேட், ஃப்ரீரவுட்டிங்: தானியங்கி டிரேஸ் ஆப்டிமைசேஷன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீகேட் என்பது மின்சுற்றுப் பலகை (பிசிபி) வடிவமைக்கும் மென்பொருள். ஃப்ரீரவுட்டிங், அந்தப் பலகையில் பாகங்களை இணைக்கும் செம்புக் கோடுகளை, அதாவது டிரேஸ்களை, தானாகப் போடும் தனி மென்பொருள். இந்தப் பக்கம் முழுவதும் ஒரே போர்டைத்தான் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். 80 × 60 மி.மீ. அளவு, இரண்டு லேயர், 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடியிழைப் பலகை), 35 மைக்ரான் செம்பு. அதில் 32 பின் கொண்ட டிக்யூஎஃப்பி-32 உறையில் ஏடிமெகா 328பி மைக்ரோகன்ட்ரோலர், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், யூஎஸ்பிக்கு சிஹெச்340, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் எல்எம்2596, 230 வோல்ட் சுமையை இயக்கும் இரண்டு ரிலே. கல்லூரி ப்ராஜெக்ட்டிலும் சிறு தொழிற்கூடங்களிலும் வருவது பெரும்பாலும் இந்த மாதிரி போர்டுகள்தான். ஆப்டிமைசர் செய்யக்கூடிய தவறுகள் எல்லாவற்றுக்கும் இதில் இடம் இருக்கிறது.

ஆட்டோரவுட்டிங்கும் ஆப்டிமைசேஷனும் ஒன்றுதானா?

இல்லை. இணைக்கப்படாத பேட்களை (பாகங்களின் கால்களைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகளை) இணைப்பது ஆட்டோரவுட்டிங். இணைப்பு முடிந்த பிறகு அதே டிரேஸ்களை எடுத்து நீளத்தைக் குறைப்பது, வயாக்களை (ஒரு லேயரை மறு லேயரோடு இணைக்கும் துளைகளை) கழிப்பது, தேவையில்லாத மடிப்புகளை நேராக்குவது ஆகியவை ஆப்டிமைசேஷன். ஃப்ரீரவுட்டிங்கில் இரண்டும் அடுத்தடுத்த கட்டங்கள். கீகேட்டில் முழு ஆட்டோரவுட்டர் கிடையாது. ஆனால் நீங்கள் கையால் டிரேஸ் போடும்போதும் இழுக்கும்போதும் பின்னால் ஒரு ஆப்டிமைசர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பலர் அது இருப்பதையே கவனிப்பதில்லை.

உள்ளே என்ன கணக்கு நடக்கிறது?

அடிப்படை யோசனை 1961-ல் சி.ஒய். லீ வெளியிட்ட வழி தேடும் முறை. குளத்தில் கல் போட்டால் அலை பரவுவதுபோல ஒரு பேடிலிருந்து நாலா பக்கமும் தேடல் பரவும். தடை இருந்தால் சுற்றிக்கொண்டு போகும், இலக்குப் பேடைத் தொட்டதும் வந்த வழியே திரும்பிப் பாதையை எழுதும். லீயின் முறை போர்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்தது. ஃப்ரீரவுட்டிங் கட்டம் போடாமல், காலியாக இருக்கும் செம்புப் பரப்பையே அறை அறையாகப் பிரித்துக்கொண்டு அறைவிட்டு அறை தேடுகிறது.

ஒவ்வொரு பாதைக்கும் ஒரு விலை உண்டு. டிரேஸின் நீளம் ஒரு விலை, வயா போட்டால் கூடுதல் விலை, அந்த லேயருக்குச் சொன்ன திசைக்குக் குறுக்கே போனால் இன்னும் கூடுதல், ஏற்கெனவே இருக்கும் வேறொரு டிரேஸைப் பிடுங்கினால் அதற்கும் தனி விலை. மொத்த விலை எதில் குறைகிறதோ அதுவே "நல்ல" பாதை.

இங்கே ஒன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். அந்த விலைப்பட்டியலில் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது என்பது இல்லை. கெபாசிட்டர் எந்தப் பின்னுக்குக் காவல் நிற்கிறது என்பது இல்லை. எந்த டிரேஸ் சத்தம் போடும், எது அந்தச் சத்தத்துக்குப் பயப்படும் என்பதும் இல்லை. கீழே வரும் பிரச்சினைகளில் முக்கால்வாசிக்கு இதுதான் வேர்.

கீகேட்டில் ஆப்டிமைசர் எங்கே இருக்கிறது?

பிசிபி எடிட்டரில் ரவுட் மெனுவைத் திறந்தால் இன்டராக்டிவ் ரவுட்டர் செட்டிங்ஸ் இருக்கும். அதில் மேலே மூன்று முறைகள்: மோதலைக் காட்டு, தள்ளு, சுற்றிப் போ. தள்ளும் முறையில் புதிய டிரேஸ் வரும்போது பழைய டிரேஸ்களும் வயாக்களும் இடைவெளி காத்து நகர்ந்து வழிவிடும்.

அதற்குக் கீழே உள்ள தேர்வுகளில் கவனிக்க வேண்டியவை நான்கு. 'ரிமூவ் ரிடன்டன்ட் டிராக்ஸ்': ஒரே இரண்டு புள்ளிகளுக்கு இடையே புதிய வழி போட்டதும் பழைய வழியை அழித்துவிடும். 'ஆப்டிமைஸ் பேட் கனெக்ஷன்ஸ்': பேடுக்குள் நுழையும் இடத்தில் கூர்க்கோணம் வராமல் திருத்தும். 'ஸ்மூத் டிராக்டு செக்மென்ட்ஸ்': இழுக்கும்போது உருவாகும் துண்டு துண்டான மடிப்புகளைச் சேர்க்கும். 'ஆப்டிமைஸ் என்டையர் டிராக் பீயிங் டிராக்டு': இழுத்த இடத்தில் மட்டுமல்லாமல் அந்த டிரேஸ் முழுவதையும் மறுபடி ஒழுங்காக்கும்.

கடைசித் தேர்வை எப்போதும் போட்டு வைக்காதீர்கள். ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் நகர்த்தப் போய், மறு முனையில் நீங்கள் யோசித்துப் போட்ட வளைவு காணாமல் போகும். திரையில் தெரியாத பகுதியில் அது நடந்தால் கண்டுபிடிப்பதும் கடினம்.

முதல் தேர்விலும் ஒரு பொறி உண்டு. ஒரு கனமான பவர் லைனுக்கு வேண்டுமென்றே இரண்டு இணைவழி போடும்போது, இரண்டாவதை முடித்த நொடியில் முதலாவது அழிந்துவிடும். அந்த வேலை நடக்கும்வரை தேர்வை எடுத்துவிடுங்கள். அல்லது டிரேஸுக்குப் பதில் செம்புப் பரப்பாகவே வரையுங்கள். அதுவே நல்லது.

பாதி போட்ட டிரேஸை முடித்து வைக்க எஃப் விசை. தேர்ந்தெடுத்த பல பேட்களுக்கு ஒரே நேரத்தில் முயல ஷிஃப்ட்டுடன் எஃப். ஒரு கனெக்டரிலிருந்து ஐசிக்கு வரிசையாகப் போகும் எட்டு லைன்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். போர்டின் மறுகோடி வரை போகும் லைனுக்கு இதை நம்ப வேண்டாம்.

ஃப்ரீரவுட்டிங்கை கீகேட்டோடு எப்படி இணைப்பது?

கீகேட்டின் ப்ளகின் மேனேஜரிலேயே ஃப்ரீரவுட்டிங் ப்ளகின் கிடைக்கிறது. அதற்கு ஜாவா வேண்டும். ப்ளகின் இல்லாமலும் செய்யலாம், எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்பது அந்த வழியில் தெளிவாகத் தெரியும்.

முதலில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் ஸ்பெக்ட்ரா டிஎஸ்என். கிடைத்த கோப்பை ஃப்ரீரவுட்டிங்கில் திறந்து ஆட்டோரவுட்டரை ஓட்டுங்கள். முடிந்ததும் அங்கிருந்து செஷன் கோப்பாக, அதாவது எஸ்இஎஸ் ஆக, சேமியுங்கள். கீகேட்டில் ஃபைல், இம்போர்ட், ஸ்பெக்ட்ரா செஷன். பிறகு பி (B) விசையை அழுத்தி எல்லாச் செம்புப் பரப்பையும் மறுபடி நிரப்பி, டிஆர்சி (விதி மீறல்களைத் தேடும் சோதனை) ஓட்டுங்கள்.

எக்ஸ்போர்ட்டே நடக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. எட்ஜ் கட்ஸ் லேயரில் போர்டின் எல்லைக்கோடு மூடப்படாமல் ஒரு மூலையில் நூலிழை இடைவெளி இருக்கும். ஒரு பாகத்துக்குப் பெயர் எண்ணே (ஆர்1, சி2 போன்றது) இருக்காது, திருகு துளைகளில் இது அடிக்கடி நடக்கும். அல்லது ஒரே பெயர் எண் இரண்டு பாகங்களுக்கு இருக்கும்.

செஷனை இம்போர்ட் செய்யும்போது பூட்டாத பழைய டிரேஸ்களும் வயாக்களும் அழிந்து, கோப்பில் உள்ளவை அந்த இடத்தில் வரும். பூட்டியவை அப்படியே இருக்கும். அதனால் இம்போர்ட்டுக்கு முன் போர்டு கோப்பை ஒரு நகல் எடுத்து வைப்பது கட்டாயம்.

எதையெல்லாம் கையால் போட்டுப் பூட்ட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பூட்டுவதற்கு டிரேஸைத் தேர்ந்தெடுத்து எல் விசை. பூட்டிய டிரேஸ் டிஎஸ்என் கோப்பில் நிலையானது என்ற குறியோடு போகும், ஃப்ரீரவுட்டிங் அதைத் தொடாது.

முதலில் எல்எம்2596. உள்ளீட்டுக் கெபாசிட்டர், 1-ஆம் பின், 2-ஆம் பின், ஷாட்கி டயோடு, கிரவுண்ட், திரும்பக் கெபாசிட்டர். இந்த வளையத்தில் மின்னோட்டம் நொடிக்கு 1,50,000 தடவை வெட்டி வெட்டி ஓடுகிறது. வளையத்தின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு சத்தம். ஆட்டோரவுட்டருக்கு இது வெறும் மூன்று நெட் (ஒன்றோடொன்று இணைய வேண்டிய பின்களின் தொகுதி). டயோடு 25 மி.மீ. தள்ளி இருந்தாலும், டிரேஸ் நேராக இருந்தால் அது திருப்தியாகிவிடும். இந்தப் பாகங்களை ஒட்டி ஒட்டி வைத்து, டிரேஸுக்குப் பதில் செம்புப் பரப்பால் இணையுங்கள். 4-ஆம் பின்னான ஃபீட்பேக் லைனை வெளியீட்டுக் கெபாசிட்டரின் பேடிலிருந்தே எடுங்கள், இண்டக்டருக்கு அடியில் போக விடாதீர்கள். அது 5 வோல்ட் நெட்டோடு ஒன்றாக இருப்பதால், ரவுட்டர் எந்த 5 வோல்ட் டிரேஸ் அருகில் கிடைக்கிறதோ அதில் ஒட்டிவிடும்.

அடுத்து, ஐசியின் பின்னுக்கு அருகில் நின்று மின்சாரத்தை நிலையாக வைக்கும் டீகப்ளிங் கெபாசிட்டர். இங்கே நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. ஏடிமெகா 328பி-யில் 4-ஆம், 6-ஆம் பின்கள் விசிசி, அதாவது மின்சாரம் நுழையும் பின்கள். மின்சாரம் முதலில் 100 நானோஃபாரட் கெபாசிட்டரைத் தொட்டு, அங்கிருந்து பின்னுக்குப் போக வேண்டும். ரவுட்டருக்கு இந்த வரிசை தெரியாது. 4-ஆம் பின்னுக்கு அருகில் 5 வோல்ட் டிரேஸ் ஒன்று போனால் பின்னை நேராக அதில் இணைத்துவிட்டு, கெபாசிட்டரை வேறு எங்கோ ஒரு கிளையில் தொங்கவிடும். நெட் சரி, டிஆர்சி சரி, ரேட்ஸ்நெஸ்ட் கோடு (இன்னும் போடாத இணைப்பைக் காட்டும் மெல்லிய கோடு) ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கிரவுண்ட் 1.6 மி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு லேயர் போர்டில் 0.25 மி.மீ. டிரேஸுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 0.8 நானோஹென்றி சேரும், ஒவ்வொரு வயாவுக்கும் 1 நானோஹென்றிக்கு மேல். 18 மி.மீ. தள்ளித் தொங்கும் கெபாசிட்டர் அந்தப் பின்னுக்கு இல்லாததற்குச் சமம். மைக்ரோகன்ட்ரோலர் "காரணமே இல்லாமல்" ரீசெட் ஆகிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பிறகு கிரிஸ்டல். 7, 8 பின்களிலிருந்து கிரிஸ்டலுக்கு 8 மி.மீ.க்குள் முடித்துவிடுங்கள். இரண்டு கெபாசிட்டர்களின் கிரவுண்டும் 5-ஆம் பின்னுக்குப் பக்கத்தில் சேரட்டும். அதன்பின் கிரிஸ்டலைச் சுற்றி இரண்டு லேயரிலும் ஒரு ரூல் ஏரியா வரைந்து, டிரேஸ் வேண்டாம், வயா வேண்டாம் என்று குறியுங்கள். இந்தத் தடைப்பகுதி டிஎஸ்என்னிலும் போகும். இல்லையென்றால் கிரிஸ்டலின் இரண்டு பேட்களுக்கு நடுவே உள்ள அந்தக் காலி இடம் ரவுட்டருக்கு ராஜபாட்டை. ரிலே இயக்கும் லைனை அதன் வழியாகத்தான் கொண்டுபோகும்.

மின்னோட்டம் அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டர் இருந்தால் அதையும் சேருங்கள். 10 மில்லிஓம் ஷன்ட்டில் 5 ஆம்பியருக்குக் கிடைப்பது 50 மில்லிவோல்ட். 35 மைக்ரான் செம்பில் நீளமும் அகலமும் சமமான ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிஓம் எதிர்ப்பு. அளவு லைனை ரவுட்டர் ஷன்ட்டின் பேடில் தொடாமல், 2 மி.மீ. அகல டிரேஸில் 2 மி.மீ. தள்ளித் தொட்டாலே 5 சதவீதப் பிழை. இதற்குச் சரியான மருந்து ஸ்கீமாட்டிக்கிலேயே நெட்-டை (இரண்டு நெட்களை ஒரே புள்ளியில் சேர்க்கும்) சின்னம் போட்டு அளவு லைனுக்குத் தனிப் பெயர் கொடுப்பது. தனி நெட் ஆகிவிட்டால் ரவுட்டர் நீங்கள் காட்டிய இடத்தில்தான் இணைக்க முடியும். மேலே சொன்ன ஃபீட்பேக் லைனுக்கும் இதே மருந்து.

230 வோல்ட் லைன்களை ரவுட்டரிடம் விடலாமா?

கூடாது. இது உயிர் சம்பந்தப்பட்டது.

நெட் கிளாஸில் (ஒரே விதி பொருந்தும் நெட்களின் குழுவில்) 6 மி.மீ. இடைவெளி என்று கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளி அந்தக் கிளாஸுக்குள்ளேயே இருக்கும் நெட்களுக்கு இடையிலும் பொருந்தும். ரிலேயின் தொடர்புப் பின்களும் டெர்மினல் பிளாக்கின் 5 மி.மீ. பிட்ச்சும் (அடுத்தடுத்த பின்களின் இடைத்தூரமும்) அதற்கு இடம் தராது, ரவுட்டர் திணறும். கீகேட்டின் தனி விதிகளில் "மெயின்ஸுக்கும் மற்றவற்றுக்கும் மட்டும் 6" என்று எழுத முடியும். ஆனால் அந்தத் தனி விதிகள் டிஎஸ்என் கோப்பில் போகாது, ஃப்ரீரவுட்டிங் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

எனவே மெயின்ஸ் பகுதியைப் போர்டின் ஒரு ஓரத்தில் ஒதுக்கி, கையால் போட்டு, பூட்டி, முழுப் பகுதியையும் இரண்டு லேயர் ரூல் ஏரியாவால் மூடுங்கள். கிரவுண்ட் செம்புப் பரப்பும் அதற்குள் வரக் கூடாது. ரிலேயின் காயில் (சுருள்) பின்னுக்கும் தொடர்புப் பின்னுக்கும் நடுவே எட்ஜ் கட்ஸில் ஒரு நீளத் துளை வெட்டினால் மேற்பரப்பு வழிக் கசிவுக்கான தூரம் கூடும். தனி விதியை கீகேட்டில் எழுதியே வையுங்கள். செஷன் திரும்பி வந்தபின் டிஆர்சி அதை வைத்துப் பிடிக்கும்.

டிரேஸ் அகலம் எவ்வளவு வைப்பது?

ஐபிசி-2221 என்ற பிசிபி வடிவமைப்புத் தரத்தின் சூத்திரப்படி, வெளி லேயரில் 35 மைக்ரான் செம்பு 10 டிகிரி சூடேறலாம் என்று வைத்தால்: 1 ஆம்பியருக்கு 0.3 மி.மீ., 2 ஆம்பியருக்கு 0.8, 3 ஆம்பியருக்கு 1.4, 5 ஆம்பியருக்கு 2.8. உள் லேயரில் இதைப்போல 2.6 மடங்கு வேண்டும். சூட்டுக்கு இது போதும். ஆனால் வோல்டேஜ் இறக்கத்தையும் பாருங்கள்: 0.25 மி.மீ. அகலத்தில் 50 மி.மீ. நீளம் என்றால் 200 சதுரம், ஏறக்குறைய 0.1 ஓம்.

இவற்றை எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே நெட் கிளாஸில் எழுத வேண்டும். சிக்னலுக்கு 0.25 அகலம், 0.2 இடைவெளி, வயா 0.6 வெளிவட்டம், 0.3 துளை. 5 வோல்ட்டுக்கு 0.8. 12 வோல்ட்டுக்கு 1.4. ரவுட் முடிந்தபின் அகலத்தை மாற்றுவது, கட்டிய வீட்டில் சுவரைத் தள்ளுவது மாதிரி.

பெரிய அகலம் கொடுத்தால் வேறு சிக்கல் வரும். டிக்யூஎஃப்பி-32 பின்களின் பிட்ச் 0.8 மி.மீ. அந்தப் பேடுக்குள் 0.8 மி.மீ. டிரேஸ் இடைவெளி காத்து நுழையவே முடியாது. ரவுட்டர் அந்த இணைப்பைக் கடைசிவரை முடிக்காமல் விட்டுவிடும். அந்தப் பின்னிலிருந்து கெபாசிட்டர் வரை 0.3 மி.மீ.-ல் நீங்களே போட்டுப் பூட்டிவிட்டால் மீதியை அது அகலமாகத் தொடரும்.

வயா விலை, திசை விலை இவற்றை மாற்ற வேண்டுமா?

ஃப்ரீரவுட்டிங்கில் வழக்கமான தொடக்க மதிப்புகள்: வயா 50, பிளேனுக்கு (கிரவுண்ட் போன்ற முழுச் செம்புப் பரப்புக்கு) போகும் வயா 5, பிடுங்குவதற்கு 100. இரண்டு லேயர் போர்டில் முன்புறம் ஒரு திசை, பின்புறம் அதற்குக் குறுக்குத் திசை என்றும் எடுத்துக்கொள்ளும்.

வயா விலையை ஏற்றினால் வயா குறையும், டிரேஸ் சுற்றிச் சுற்றி நீளும். இறக்கினால் டிரேஸ் நேராகும், போர்டு சல்லடை மாதிரி ஆகும். பெரும்பாலோர் இந்த எண்ணோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அதைவிடப் பலன் தருவது லேயர் விலை. பின்புற லேயரைக் கிரவுண்டுக்கு விட நினைத்தால், ஆட்டோரவுட் அமைப்பின் விவரப் பகுதியில் அந்த லேயரின் இரண்டு திசை விலைகளையும் 3 முதல் 5 வரை ஏற்றுங்கள். அப்போது ரவுட்டர் முன்புறத்திலேயே முடிந்தவரை ஓடி, தாண்ட வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும் கீழே குட்டையாக ஒரு பாலம் போட்டு உடனே மேலே வரும்.

ரவுட் முடிந்தபின் கிரவுண்ட் பிளேன் துண்டு துண்டாக இருக்கிறதே, ஏன்?

பிளேன் நெட்டைப் பொறுத்தவரை, வயா போட்டுப் பிளேனைத் தொட்டுவிட்டால் இணைப்பு முடிந்தது என்று ரவுட்டர் கணக்கு வைக்கிறது. அதே லேயரில் அது போடும் சிக்னல் டிரேஸ்கள் அந்தப் பிளேனையே அறுக்கின்றன. கீகேட்டில் மறுபடி நிரப்பும்போது இரண்டு டிரேஸ்களுக்கு நடுவே மாட்டிய செம்பு தீவாகிவிடும். தீவில் நிற்கும் கிரவுண்ட் பின்கள் இணைப்பில்லாமல் போகும். பி (B) விசை அழுத்தியபின் டிஆர்சியில் இணைக்கப்படாதவை பட்டியலைப் பார்க்காமல் கெர்பர் (தயாரிப்புக் கோப்பு) அனுப்பினால் போர்டு உயிரில்லாமல் வரும்.

தீவு ஆகாமல் வெறும் பிளவாக இருந்தால் டிஆர்சி ஒன்றும் சொல்லாது. ஆனால் அதுவும் கெடுதல்தான். மேலே போகும் வேகமான சிக்னலின் திரும்பும் மின்னோட்டம் அந்த டிரேஸுக்கு நேர் கீழே பிளேனில் ஓட விரும்புகிறது. நடுவில் 40 மி.மீ. நீளப் பிளவு இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு வரும், சுற்றிய பரப்பு முழுவதும் ஆன்டெனா.

சரிசெய்யும் வழி: பின்புற லேயரை மட்டும் திரையில் வைத்து, முன்புறத்தை மங்கலாக்குங்கள். பின்புறத்தில் 10 மி.மீ.க்கு மேல் நீளும் ஒவ்வொரு டிரேஸையும் எடுத்து, டி (D) விசையால் இழுத்துக் குட்டையாக்குங்கள் அல்லது அழித்து மேலே போடுங்கள். வரிசையாக ஐந்தாறு டிரேஸ்கள் ஒட்டிக்கொண்டு போனால் அவற்றுக்கு நடுவே செம்பு நுழையும்படி விலக்குங்கள். முன்புறக் கிரவுண்டையும் பின்புறக் கிரவுண்டையும் 10 மி.மீ.க்கு ஒன்றாக வயாவால் தையுங்கள், பிளவின் இருபுறமும் நெருக்கமாக. இந்த அளவு போர்டில் அரை மணி நேர வேலை, ஆனால் முழு ரவுட்டிங்கில் அதிகப் பலன் தரும் அரை மணி இதுதான்.

மூன்று நான்கு இணைப்புகள் மட்டும் முடியவே மாட்டேன் என்கிறது. இன்னும் ஓட விடலாமா?

எண்ணிக்கை பல சுற்றுகளாக 4, 3, 4 என்று ஊசலாடினால் இனி ஓட்டிப் பயனில்லை. ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைப் போடுகிறது, அவ்வளவுதான். நிறுத்திவிட்டு அந்த இணைப்புகள் எங்கே என்று பாருங்கள். அநேகமாக எல்லாம் ஒரே இடத்தில் கூடும். பாகத்தை 90 அல்லது 180 டிகிரி திருப்பினாலே ரேட்ஸ்நெஸ்ட் கோடுகளின் சிக்கு பிரிந்துவிடுவது உண்டு. ரிலே இயக்கும் பின்களில் எது எந்த ரிலேக்கு என்பதை ஸ்கீமாட்டிக்கில் மாற்றிக்கொள்ளலாம், புரோகிராமில் ஒரு எண் மாறும், அவ்வளவே.

இடைவெளிக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 2.54 மி.மீ. பிட்ச்சில் 1.6 மி.மீ. பேட் என்றால் நடுவே கிடைப்பது 0.94 மி.மீ. 0.2 அகலம், 0.2 இடைவெளியில் ஒரு டிரேஸ் போகும். இரண்டு போக 1.0 வேண்டும், போகாது. பேடை 1.5 ஆக்கினால் 1.04 கிடைக்கும், இரண்டும் போய்விடும்.

ஆப்டிமைசரை எவ்வளவு நேரம் ஓட்டுவது?

வயா எண்ணிக்கையும் மொத்த நீளமும் கீழே ஓடிக்கொண்டிருக்கும். முதல் சில சுற்றுகளில் சட்டென்று இறங்கும், பிறகு நத்தை வேகம். ஒரு முழுச் சுற்றில் வயா ஒன்றும் குறையவில்லை, நீளமும் 1 சதவீதத்துக்குக் குறைவாகத்தான் இறங்கியது என்றால் நிறுத்திவிடுங்கள். இரவெல்லாம் ஓட்டிக் கிடைக்கும் அந்தச் சில மில்லிமீட்டர்களால் போர்டுக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஃப்ரீரவுட்டிங் 1 வரிசைப் பதிப்புகளில் ஆப்டிமைசேஷனுக்குப் பல திரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) கொடுத்தால் இடைவெளி மீறல்கள் உருவாகும் என்று மென்பொருளே எச்சரிக்கை காட்டும். திரெட் எண்ணிக்கையை 1 ஆக வையுங்கள். மெதுவாக இருந்தாலும் வருவது சரியாக வரும்.

90 டிகிரி மடிப்பு போர்டைக் கெடுக்குமா? 45 டிகிரிதான் நல்லதா?

ஏடிமெகா போன்ற வேகத்தில் 90 டிகிரி மடிப்பால் மின்சார ரீதியாக ஒன்றும் ஆகாது. 45 டிகிரி நல்லது என்பதற்குக் காரணம் இடமும் நீளமும். சமமான இரண்டு கைகள் உள்ள மூலையை மூலைவிட்டமாக வெட்டினால் அந்தத் துண்டில் 29 சதவீத நீளம் மிச்சம். 45 டிகிரி மட்டும் பயன்படுத்தும் பாதை, எந்தக் கோணத்திலும் போகக்கூடிய நேர்கோட்டைவிட மிக மோசமான நிலையிலும் 8.2 சதவீதம்தான் நீளம். எனவே எல்லாக் கோணத்தையும் அனுமதிக்கும் முறையால் வரும் லாபம் சிறிது. பின்னால் கையால் திருத்தும்போது அது தரும் தலைவலி பெரிது.

உண்மையில் தவிர்க்க வேண்டியது 90-க்கும் குறைந்த கூர்க்கோணம், அதிலும் பேட் நுழைவில். அரிக்கும் திரவம் அங்கே தேங்கினால் செம்பு மெலியும்.

நீளம் சமப்படுத்திய நெளிவுகளை ஆப்டிமைசர் நேராக்கிவிடுகிறது. என்ன செய்வது?

இரண்டு லைன்களின் நீளத்தைச் சமமாக்க வேண்டுமென்றே போடும் நெளிவு, ஆப்டிமைசரின் பார்வையில் வீண் நீளம், அதனால் நேராக்குகிறது. ஒழுங்கு இதுதான்: முதலில் எல்லா ஆப்டிமைசேஷனும் முடியட்டும், கடைசியில் நெளிவு, போட்டவுடன் பூட்டு. கீகேட்டில் தனி டிரேஸுக்கு 7 விசை, ஜோடிக்கு (யூஎஸ்பி போன்ற இரட்டை லைனுக்கு) 8, ஜோடிக்குள் வேறுபாட்டுக்கு 9. கீகேட் 8 முதல் நெளிவு ஒரு தனிப் பொருளாகவே சேமிக்கப்படுவதால் பிறகு தேர்ந்தெடுத்து அளவை மாற்றலாம்.

ஆனால் சமப்படுத்தல் தேவையா என்று முதலில் பாருங்கள். வெளி லேயரில் 1 மி.மீ.க்கு ஏறக்குறைய 6 பிக்கோநொடி. சிஹெச்340 ஓடுவது நொடிக்கு 12 மெகாபிட், ஒரு பிட்டின் நேரம் 83 நானோநொடி. இரண்டு லைன்களுக்கு நடுவே 10 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் 60 பிக்கோநொடிதான். அங்கே நெளிவு போடுவது வேண்டாத வேலை. 480 மெகாபிட் யூஎஸ்பியில் பிட் நேரம் 2.08 நானோநொடி, அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வையுங்கள். 90 ஓம் ஜோடி இம்பீடன்ஸும் அங்கே வேண்டும், அதற்கு நான்கு லேயர் போர்டுதான் வசதி. 1.6 மி.மீ. இரண்டு லேயரில் 50 ஓம் தனி டிரேஸுக்கே 3 மி.மீ. அகலம் கேட்கும்.

ஃப்ரீரவுட்டிங் இப்படிப்பட்ட ஜோடி லைன்களை ஜோடியாக ஓட்டாது, இரண்டு தனி நெட்களாகவே பார்க்கும். கீகேட்டில் 6 விசையால் போட்டுப் பூட்டிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ஆல்டியம் என்ற வேறொரு பிசிபி மென்பொருளில் இந்த ஆப்டிமைசேஷனுக்கு என்ன பெயர்?

கிளாஸ் (Gloss). டிரேஸ்களைத் தேர்ந்தெடுத்து ரவுட் மெனுவில் கிளாஸ் செலக்டட். ஒரே லேயரில் நீளத்தையும் மூலைகளையும் குறைக்கும், வயாவைத் தாண்டி வேறு லேயருக்கு மாற்றாது. அகல விதியை மாற்றியபின் பழைய டிரேஸ்களைப் புதிய அகலத்துக்குக் கொண்டுவர ரீட்ரேஸ் செலக்டட்.

வீட்டில் ஃபெரிக் குளோரைடில் அரிக்கும் ஒரு லேயர் போர்டுக்கு ஃப்ரீரவுட்டிங் உதவுமா?

உதவும், நன்றாகவே. பின்புற லேயரை இயக்கத்தில் வையுங்கள். முன்புறத்தையும் அணைக்காமல், அதன் திசை விலைகளையும் வயா விலையையும் மிக உயர்த்துங்கள். முன்புறத்தில் வரும் ஒவ்வொரு டிரேஸும் நீங்கள் பற்றவைக்கப்போகும் ஜம்பர் கம்பி. டோனர் மாற்று முறைக்கு அகலம் 0.5, இடைவெளி 0.4, வயா 1.8 வெளிவட்டம், 0.8 துளை என்று வைத்தால் இஸ்திரிப்பெட்டி அச்சிலும் டிரேஸ் அறுபடாது. ஜம்பர்கள் ஐசிக்கு அடியில் வராமல் முன்புறத்தில் ரூல் ஏரியா போட மறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் என்ன வரிசையில் சரிபார்ப்பது?

டூல்ஸ் மெனுவில் கிளீனப் டிராக்ஸ் அண்ட் வயாஸ். ஒரே கோட்டில் உள்ள துண்டுகளைச் சேர்ப்பது, ஒரு லேயரில் மட்டும் தொட்டு நிற்கும் வயாவை நீக்குவது, ஒரு முனை தொங்கும் டிரேஸை நீக்குவது ஆகியவற்றைக் குறியிட்டு, முதலில் பட்டியலைப் பாருங்கள். கிரவுண்டைத் தைக்கப் போட்ட வயாக்கள் பட்டியலில் வந்தால் செம்புப் பரப்பு இன்னும் நிரப்பப்படவில்லை என்று அர்த்தம். பி (B) அழுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பிறகு டிஆர்சி. அதன்பின், டிஆர்சி பிடிக்காதவற்றைக் கண்ணால் பாருங்கள்: 5 வோல்ட் நெட்டை மட்டும் ஒளிரவிட்டு ரெகுலேட்டரிலிருந்து ஒவ்வொரு பின்னுக்கும் விரலால் தொடர்ந்து போய், வழியில் கெபாசிட்டர் வருகிறதா என்று பாருங்கள். கிரிஸ்டலுக்கு அடியில் ஏதும் போகிறதா, ஃபீட்பேக் லைன் இண்டக்டரைத் தொட்டுக்கொண்டு போகிறதா, ரிலே பக்கத்தில் 6 மி.மீ. இருக்கிறதா என்று அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். திருத்தம் செய்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நிரப்புவதும் டிஆர்சியும் மறுபடி முதலிலிருந்து.